சொட்டு விழாத துணி

விறைத்துப்போன கைகளை மெல்ல வளைத்துச் சட்டைக்குள் நுழைத்தாகிவிட்டது. கழுத்திலிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டே இறங்கிய நாத்தனாரின் விரல்கள் நெஞ்சுக்குக் கீழே வந்ததும் நின்றன. அங்கே காஜா இருந்தது, அதில் மாட்டுவதற்குப் பட்டன் இல்லை.

“ஊருக்கெல்லாம் தைச்சுக் குடுத்தவன். இவன் சட்டைக்கு ஒரு பட்டன் இல்ல பாரு,” என்று சொல்லிவிட்டு நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். கட்டிலில் கிடந்தவர் அவளுக்கு உடன்பிறந்த தம்பி.

வேறு சட்டை எடுக்கலாமே என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். பீரோவில் சட்டைகள் இருந்தன. ஆனால் மாட்டியதைக் கழற்ற வேண்டுமென்றால் மறுபடியும் அந்தக் கைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அதை நினைக்கவே யாருக்கும் மனம் வரவில்லை. காலையிலிருந்து சுவரோரம் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“வேணாம். நான் தைச்சுடறேன்.”

அவள் எழுந்ததில் எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி. அழாமல் உட்கார்ந்திருக்கிறாளே, உள்ளுக்குள் ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று பயந்துகொண்டிருந்தார்கள். மகள் மட்டும் நிமிரவில்லை. அப்பாவின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, அந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னறைதான் கடை. கதவைச் சாத்தியிருந்தார்கள். மெஷினின் ஊசிக்கடியில் அவர் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டு இன்னும் அப்படியே கிடந்தது, ஒரு கை பொருத்தி, மறு கை பாதியில். நேற்று மத்தியானம் அவள் அடுப்படியில் இருந்தபோது மெஷின் சத்தம் நின்றது. பாபினில் நூல் தீர்ந்திருக்கும், மாற்றுகிறார் என்று நினைத்தாள். பாபின் மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அவள் காதுக்கு அத்துப்படி. அந்த நேரம் கடந்தும் சத்தம் வராமல் போகவே எட்டிப் பார்த்தாள். கோட்டின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, வேலை நேரத்தில் தூங்குகிற மனிதர் மாதிரி இருந்தார். ஒரு நாளும் அவர் வேலை நேரத்தில் தூங்கியதில்லை.

பட்டன் டப்பா மெஷினுக்கு வலப்பக்கம், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு குட்டை ஸ்டூலில் இருந்தது. பழைய பிஸ்கட் டப்பா. மேலே இருந்த படம் விரல் பட்டுப் பட்டே அழிந்துவிட்டது. பட்டன் தைப்பது அவள் வேலைதான், ஆனால் டப்பா அவருடையது. அவளுக்கு வேண்டியதை அவர்தான் கையால் அள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பார். இன்றைக்கு அள்ளிக் கொடுக்க ஆளில்லை. மூடியை நெம்பித் திறந்து உள்ளே கையை விட்டாள்.

வெள்ளைப் பட்டன்கள், கைக்குச் சில்லென்று. சட்டைக்கு ஏற்ற சின்னதைத் தேடி விரலால் துழாவினாள். இத்தனை வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டே பட்டனின் துளைகளைத் தொட்டு அறிகிற விரல்கள் அவை. ஒன்று அகப்பட்டது. அதில் துளையே இல்லை. நடுவில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். ரோஸ் நிறம். டப்பாவைச் சாய்த்துக் குலுக்கினாள். பட்டன்கள் ஒரு பக்கம் சரிய, அடியில் தங்கியிருந்த ரோஸ் மாத்திரைகள் வெளியே வந்தன. முழு மாத்திரைகள் நிறைய. நடுக்கோட்டில் பிளேடு வைத்து வெட்டிய அரை மாத்திரைகளும் இருந்தன. அந்த அரை மாத்திரைகளை வெட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும். அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாவி மனுஷா, என்று மனதுக்குள் சொன்னாள். அடுத்த நிமிஷமே, யாரைச் சொல்கிறேன் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

அவரைத் தெருவில் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர்கள் போடுகிற வெள்ளைக் கோட்டு முழுக்க இந்த முன்னறையிலிருந்துதான் போனது. வெட்டுவதும் மெஷினில் ஓட்டுவதும் காலர் மடித்துக் கைத்தையல் போடுவதும் அவர். காஜாவும் பட்டனும் அவள். அதனால் அவளுக்குக் காஜா என்றே பெயர் வைத்துவிட்டார். “ஏய் காஜா, கண்ணாடியைப் பாத்தியா?” என்பார். நெற்றியில்தான் இருக்கும்.

வருஷக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததோ என்னவோ, சென்ற வருஷம் இடது கால் வீங்கியது. கெண்டைச் சதை கல்லாய் இறுகிவிட்டது. மெஷின் மிதிக்கிறவருக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரை மகள்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காலின் உள்நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிறது என்றார் டாக்டர். கட்டி அங்கேயே கிடந்தால் வீக்கத்தோடு போகும், நகர்ந்து நுரையீரலுக்குள் போய் அடைத்தால் ஆளே போய்விடுவார் என்று ஒளிக்காமல் சொன்னார். மேற்கொண்டு உறையாமல் இருக்கத்தான் இந்த ரோஸ் மாத்திரை. தினமும் சாயங்காலம் ஒன்று, தவறவே கூடாது. மாசாமாசம் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தலைவலி என்று கடையில் எதையாவது வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. பல் ஈறில் ரத்தம் வரலாம், லேசாக இடித்தாலே கன்றிப்போகலாம், மலம் கறுப்பாகப் போனால் ஓடி வரவேண்டும். மகள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் டாக்டரின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “காலர் நம்ம தையல்தான்,” என்றார்.

மாத்திரை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. கால் வடிந்தது. ஆனால் பல் தேய்த்துத் துப்பினால் சிவப்பு, மேஜை விளிம்பு இடித்தால் தொடையில் நீலம். அதையெல்லாம் அவர் சட்டை செய்யவில்லை. அவரைப் படுத்தியது விரல்தான்.

தையல்காரன் விரலில் ஊசி ஏறுவது ஒரு விஷயமே இல்லை. ஏறும், ஒரு பொட்டு வரும், சப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம். துணியில் பட்டால் அதற்கும் வைத்தியம் உண்டு. கல்யாணமான புதிதில், துணியைக் கறையாக்கிவிட்டோமே என்று அவள் சோப்பைத் தேடி ஓடியபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “சோப்பெல்லாம் வேணாம். உன் எச்சில்லதான் உன் ரத்தம் போகும். என் எச்சில்ல போகாது. தொட்டுத் தேய், பாரு.” தேய்த்தாள். போயே போய்விட்டது. அது உண்மையோ பொய்யோ, அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். காஜா எடுக்கும்போது கோட்டில் அவர் ரத்தம் காய்ந்திருப்பதைப் பார்த்தால், அவள் துணியை அவர் வாயருகே கொண்டுபோய் நீட்டுவாள். அவர் நாக்கால் தொட்டுக் கொடுப்பார்.

மாத்திரை வந்த பிறகு அந்த வைத்தியம் பலிக்கவில்லை. ஊசி ஏறினால் ரத்தம் நிற்பேனா என்றது. சப்பிவிட்டு எடுத்தால் மறுபடி ஒரு முத்து. துணி சுற்றினால் துணியையும் நனைத்துக்கொண்டு வந்தது. ஒரு பொட்டைத் துடைப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று. வெள்ளைத் துணி வேறு. ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் ஒரு நாள் ஒரு கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். டாக்டர்கள் கோட்டில் ரத்தம் அவர்கள் போட்டுக்கொண்ட பிறகுதான் பட வேண்டும், நீங்கள் அதையும் சேர்த்தே தைத்து அனுப்புகிறீர்களே என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கோட்டை வைத்துவிட்டுத்தான் போனார். அப்புறம் இன்னொன்று வந்தது.

அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை சொன்னாள். முதுகைக் காட்டிக்கொண்டு, காஜாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “இன்னும் ஒரு கோட்டு திரும்பி வந்துச்சுன்னா இந்த ஆர்டரை மறந்துட வேண்டியதுதான்.”

அதற்குப் பிறகு கோட்டு எதுவும் திரும்பி வரவில்லை.

ஒரு பொட்டு இல்லை, ஒரு சொட்டு இல்லை. துணிக்கடையில் அப்போதுதான் வெட்டி வாங்கிய மாதிரி வெள்ளை வெளேரென்று துணி அவள் மடியில் வந்து விழுந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது என்று நினைத்தாள். “என்ன மாயம் பண்ணீங்க?” என்றுகூடக் கேட்டாள். அவர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். உதட்டோரம் சிரித்தார். குண்டூசிகள் மேலும் கீழும் ஆடின.

அந்தக் குண்டூசிதான் இப்போது அவள் நெஞ்சில் ஏறியது. வாயில் ஊசி இருக்கிற ஆளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, சிரிக்க வைக்கக் கூடாது, எதையும் நீட்டித் தின்னச் சொல்லக் கூடாது. விழுங்கித் தொலைத்தால் என்ன ஆவது? அதுவும் அந்த வீட்டுச் சட்டம். சாயங்காலம் அவள் மாத்திரையும் தண்ணீருமாக வரும்போதெல்லாம் கொஞ்ச நாளாக அவர் வாயில் குண்டூசி இருந்தது. உள்ளங்கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொள்வார். ‘ம், ம்’ என்று தலையாட்டுவார். அவள் டம்ளரை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் காலியாக இருக்கும். தண்ணீரை மட்டும் குடித்திருக்கிறார் மனிதர்.

போன முறை ரத்தம் பார்த்தபோது மாத்திரை போதிய அளவு பிடிக்கவில்லை என்றார்கள். எப்படிப் பிடிக்கும், டப்பாவுக்கல்லவா போய்க்கொண்டிருந்தது? ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். நாள் தவறாமல் போடுகிறார், நானே கையில் கொடுக்கிறேன் என்று இவள் அடித்துச் சொன்னாள். அவர் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சரி, ஒன்றோடு அரையும் சேர்த்துக் கொடுங்கள் என்று டாக்டர் கூட்டினார். எதற்கு இவ்வளவு, வேண்டாம் என்று அவர் முனகியபோது மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து நேராக இங்கே வந்து, மாத்திரைகளைப் பிளேடால் பாதியாக வெட்டி ஒரு சின்னக் குப்பியில் போட்டு வைப்பாள். ஓரம் உதிராமல் வெட்டுவாள், அப்பனுக்குத் தப்பாத கை. தன் வீட்டுக்குப் போன பிறகும் தினமும் போன் செய்து, “அப்பா, ஒண்ணரை போட்டாச்சா?” என்பாள். “போட்டாச்சு, போட்டாச்சு,” என்பார் இவர்.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் குரல் கேட்டது. புதிதாக யாரோ வந்திருக்க வேண்டும், முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லாத்தான் இருந்தான். ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை குடுத்தாங்க. அது பத்தாதுன்னு அதையும் கூட்டினாங்க. அவன் வேணாம் வேணாம்னுதான் சொன்னான், யார் கேட்டா? தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சு போய்ட்டான்.

அப்படித்தான் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. கொண்டுபோகும்போதே உயிரில்லை. கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம், மாத்திரை அதிகமாகி உள்ளே கசிந்தும் இருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். தம்பியைக் கூறு போட விடமாட்டேன் என்று நாத்தனார் கத்தியதில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. டாக்டர் சொன்ன இரண்டில் இரண்டாவதை மகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நேற்றிலிருந்து அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான். இப்போதும் கதவு வழியாக அது கேட்டது, அழுகை இல்லாத குரலில்.

“ஆமா அத்தை. நான்தான் குடுக்கச் சொன்னேன்.”

முன்னறையில் அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்துப் பக்கத்துக் கதவு திறந்துதான் இருந்தது. இந்த ரோஸ் மாத்திரைகளைக் கையில் அள்ளி, நாலடி நடந்து சாக்கடையில் கொட்டினால் முடிந்தது. அவர் ஏமாற்றினார் என்று யாருக்கும் தெரியாது. அவள் துணி வெளுத்ததில் மனம் குளிர்ந்துபோய்க் கிடந்தாள் என்றும் யாருக்கும் தெரியாது. கூடவே இருந்தவளுக்கு இதுகூடத் தெரியலையா என்று நாத்தனார் வாழ்நாள் முழுக்கக் கேட்பாள், அந்தத் தொல்லையும் இருக்காது. ஆனால் அந்தப் பெண்? அப்பனைக் கொன்றவள் என்று தன்னையே நினைத்துக்கொண்டு அவள் எத்தனை காலம் உயிரோடு இருக்க வேண்டும்?

நான்கு துளைப் பட்டன் ஒன்றைப் பொறுக்கினாள். ஊசியில் வெள்ளை நூலைக் கோத்தாள். டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

நேராகக் கட்டிலுக்குப் போகாமல், கால்மாட்டில் இருந்த மகளின் முன்னால் உட்கார்ந்து டப்பாவை அவள் மடியில் வைத்தாள்.

“உள்ள பாரு.”

மகள் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் ஒரு அரை மாத்திரையை எடுத்து, வெட்டின ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். தன் கை வெட்டியது அவளுக்குத் தெரியாதா?

“எதுவும் உள்ள போகல. நீ கூட்டினதும் போகல, அதுக்கு முன்னால குடுத்ததும் போகல. துணியில ரத்தம் படுதுன்னு நிறுத்திட்டாரு,” என்றாள் அவள். மெல்லத்தான் சொன்னாள். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

நாத்தனார் என்னவோ கேட்க வாயெடுத்தாள். இவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி வரவில்லை.

“உனக்குத் தெரியுமா?” என்று மகள் கேட்டாள்.

“தெரியாது.” நூலின் நுனியில் முடிச்சுப் போட்டாள். “கோட்டு திரும்பி வந்தா ஆர்டர் போயிடும்னு சொன்னது நான்தான். அப்புறம் துணி சுத்தமா வந்துச்சு. ஏன் சுத்தமா வருதுன்னு யோசிச்சிருக்கணும். எனக்கு அது சுத்தமா வந்ததே போதும்னு இருந்துச்சு.”

மகள் திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அம்மா என்று கையைப் பிடித்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். மகளோ டப்பாவுக்குள் கையை விட்டு, ரோஸ் நிறத்தைத் தனியாகப் பொறுக்கித் தன் புடவை மடிப்பில் போட ஆரம்பித்தாள். நேற்றிலிருந்து வறண்டு கிடந்த கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. சீக்கிரம் ஆகட்டும் என்று வாசலில் ஒருவர் குரல் கொடுத்தார்.

ஊசியும் பட்டனுமாக அவள் எழுந்து போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சட்டைத் துணி அவளுக்கு ஞாபகம் இருந்தது. கோட்டு வெட்டி மிஞ்சியதில் அவர் தனக்கென்று தைத்துக்கொண்டது, வெள்ளை வெளேரென்று. போட்டிருக்கிற சட்டையில் பட்டன் தைப்பது அவளுக்குப் புதிதில்லை. எத்தனையோ நாள் வெளியே கிளம்புகிற அவசரத்தில் நின்றவாக்கில் தைத்திருக்கிறாள். அப்போதெல்லாம் கூசுது காஜா என்று நெளிவார், அசையாம நில்லுங்க என்று அதட்டுவாள். இன்றைக்கு அதட்ட வேண்டியிருக்கவில்லை.

ஊசியைக் கீழிருந்து ஏற்றி மேலிருந்து இறக்கினாள். அவருக்குக் குத்திவிடக் கூடாதென்று இடது கை விரலைச் சட்டைக்கு உள்ளே கொடுத்துத் தைத்தாள். உடம்பு சில்லென்று இருந்தது. மூன்றாவது முறை இறக்கும்போது ஊசி அவள் விரலில் ஏறியது. விரலை வெளியே எடுப்பதற்குள், பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு சிவப்பு ஊறிவிட்டது.

பழக்கத்தில் விரல் நாக்குக்குப் போனது. ஈரமும் ஆனது. அந்தப் பொட்டின் மேல் வைக்கப் போனவள் விரலை நிறுத்திக்கொண்டாள்.

“ரத்தம் பட்டுடுச்சு பாரு, துடைச்சிடு,” என்றாள் நாத்தனார்.

“இருக்கட்டும் அண்ணி.”

நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் கத்தரிக்கோலை நீட்டினாள். அவள் அதை வாங்காமல், எப்போதும் செய்வது போல அவர் நெஞ்சருகே குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

அப்புறம் பட்டனைப் போட்டுவிட்டாள்.